ஆர்எக்ஸ்-8 காரில் உண்மையில் எத்தனை கிலோவாட் கூடியது? டர்போ இல்லாத ரோட்டரியை அளப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் இருப்பது 2004 மாடல் மாஸ்டா ஆர்எக்ஸ்-8. ஆறு போர்ட் (காற்று நுழையும் துளை) ரெனெசிஸ் இன்ஜின், அதாவது பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டார் சுழலும் ரோட்டரி வகை. ஆறு கியர் மேனுவல். மெல்பர்னில் பல வருடமாக ஓட்டுகிறேன். கோயில் பார்க்கிங்கில் பானெட்டைத் திறந்தால் போதும், "இன்டேக் மாத்தினா எவ்ளோ ஏறும்?" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். இங்கே வழக்கம் கிலோவாட். ஒரு கிலோவாட் என்பது ஏறக்குறைய 1.36 குதிரைத்திறன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

"1.3 லிட்டர்னும் போட்டிருக்கு, 170 கிலோவாட்னும் போட்டிருக்கு. ரெண்டுல எது பொய்?"

இரண்டும் உண்மைதான். ஒரு ரோட்டாருக்கு 654 சிசி, இரண்டுக்கும் சேர்த்து 1,308. ரோட்டார் ஒரு சுற்று சுற்றினால் எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் (பவரை வெளியே கொண்டுவரும் தண்டு) மூன்று சுற்று சுற்றும். ரோட்டாருக்கு முகமும் மூன்று. ஆகவே ஷாஃப்டின் ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு ரோட்டாரும் ஒரு தடவை பற்றவைக்கிறது. நான்கு ஸ்ட்ரோக் பிஸ்டன் இன்ஜின் தன் முழுக் கொள்ளளவுக் காற்றை உள்ளே இழுக்க இரண்டு சுற்று எடுத்துக்கொள்ளும். இதற்கு ஒன்று போதும். அதனால் குடிக்கும் காற்றை வைத்துப் பார்த்தால் இது 2.6 லிட்டர் இன்ஜின் மாதிரி. பெட்ரோல் குடிப்பதும் அப்படித்தான், அது வேறு கதை.

"ஜப்பான்ல 250, அமெரிக்கால 238, இங்க 231ங்கறாங்க. என் காருக்கு எது சரி?"

எதுவுமே உங்கள் காருக்கு இல்லை. ஜப்பானில் ஆறு போர்ட் காருக்கு 250 குதிரைத்திறன், 8,500 ஆர்பிஎம்மில். அமெரிக்காவில் முதலில் 247 என்றார்கள். 2003-லேயே அதை 238 ஆகத் திருத்தி, ஏற்கெனவே வாங்கியவர்களிடம் "காரைத் திருப்பித் தரலாம், வைத்துக்கொண்டால் வாரண்டிக் காலம் முழுக்க இலவச சர்வீஸும் 500 டாலரும்" என்று மாஸ்டாவே இறங்கி வந்தது. பிறகு அளக்கும் விதிமுறை மாறியதும் அதே இன்ஜின் 232 ஆனது. ஆஸ்திரேலியாவில் 170 கிலோவாட், அதாவது 231.

இவையெல்லாம் இன்ஜினைத் தனியாகச் சோதனை மேடையில் வைத்து, ஷாஃப்டில் அளந்த எண்கள். உங்கள் தொடக்கப் புள்ளி அதுவல்ல. இன்று, இந்த வயதில், உங்கள் கார் சக்கரத்தில் என்ன தருகிறதோ அதுதான். அதை அளக்கும் கருவிதான் டைனோ: காரை உருளைகள் மேல் ஏற்றிக் கட்டி முழு ஆக்சிலரேட்டரில் ஓட்டுவார்கள். அப்படி ஒரு தடவை ஓட்டுவது ஒரு ரன்.

"உங்க காரே டைனோல 125 தான் காட்டிச்சாமே. மிச்சம் 45 எங்க போச்சு?"

கொஞ்சம் கியர்பாக்ஸில், கொஞ்சம் டிஃபரன்ஷியலில், நிறைய டயர் உருளையில் நசுங்குவதில். மீதி எங்கேயும் போகவில்லை, அந்த டைனோவின் சுபாவம் அது. டைனோஜெட் மாதிரி கனமான உருளையைச் சுழலவிட்டு அளப்பவை, டைனோ டைனமிக்ஸ் மாதிரி சுமை கொடுத்து அளப்பவற்றை விடப் பொதுவாகக் கூடுதலாகவே காட்டும்.

வீட்டுத் தராசில் 72 கிலோ, டாக்டர் தராசில் 74. இளைத்தோமா என்று தெரிய வேண்டுமானால் ஒரே தராசில் ஏற வேண்டும், அவ்வளவுதான். "இருபது சதவீதம் சேர்த்துக்கோ, அதுதான் இன்ஜின் பவர்" என்று பெருக்கிப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அது கணக்கு இல்லை, ஆறுதல்.

"ஒரே ஒரு ரன் போதாதா? ஒவ்வொண்ணுக்கும் காசு கேக்கறாங்க"

போதாது. ஒரே காலையில், எதையும் தொடாமல், என் கார் தந்த ஐந்து எண்கள் இவை: 121.7, 125.4, 124.9, 125.6, 122.8. முதல் ரன்னில் கியர் ஆயில் இன்னும் சூடாகவில்லை. நடுவில் உள்ள மூன்றும் விசிறியை ஓடவிட்டு, கூலன்ட் வெப்பம் ஒரே அளவுக்கு இறங்கிய பிறகு எடுத்தவை. கடைசியை மட்டும் ஆறவிடாமல் உடனே எடுத்தோம். முதல் எண்ணை "முன்பு" என்றும் நான்காவதை "பின்பு" என்றும் வைத்து யாராவது எனக்கு ஒரு ஸ்டிக்கரை விற்றிருந்தால், ஸ்டிக்கரில் நான்கு கிலோவாட் ஏறியதாக நம்பியிருப்பேன்.

நல்ல மூன்றுக்குள் வித்தியாசம் 0.7 தான். ஆனால் காரை இறக்கி, வேறொரு நாள் திரும்ப ஏற்றிக் கட்டினால் இரண்டு வரை மாறுகிறது. கட்டும் பட்டையின் இறுக்கம், டயர் காற்று, எல்லாம் சேர்ந்து. அதனால் என் விதி: மூன்று கிலோவாட்டுக்குக் கீழே எது வந்தாலும் பூஜ்யம். இந்த மூன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்பத் திரும்ப வரும்.

இன்னொன்று, டேஷ்போர்டில் உள்ள வெப்ப முள்ளை நம்பாதீர்கள். இந்தக் காரில் அது நடுவில் போய் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். ஓபிடியில் (காரின் கணினி தரும் எண்களைப் படிக்கும் சாக்கெட்) வரும் எண்ணைப் பாருங்கள்.

"பேப்பர்ல எஸ்ஏஇ-ன்னு ஒண்ணு, எஸ்டிடி-ன்னு ஒண்ணு. எதைப் பாக்கறது?"

எதையாவது ஒன்றை. ஆனால் எப்போதும் அதையே. இரண்டும் அன்றைய காற்றின் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஏற்ப எண்ணைத் திருத்தும் கணக்குகள், அதைத்தான் கரெக்‌ஷன் என்கிறார்கள். எஸ்ஏஇ கணக்கு 25 டிகிரி வெப்பத்தையும் 990 மில்லிபார் அழுத்தத்தையும் அடிப்படையாக எடுக்கிறது. எஸ்டிடி அதைவிடக் குளிர்ந்த, அடர்ந்த காற்றை எடுக்கிறது. அதே ரன்னை எஸ்டிடியில் அச்சடித்தால் ஏறக்குறைய நான்கு சதவீதம் கூடும். 125-க்கு அது ஐந்து கிலோவாட். ஒரு முழு எக்ஸாஸ்ட் செட்டுக்கு விளம்பரத்தில் சொல்லும் லாபம், பிரிண்டர் செட்டிங்கிலேயே கிடைத்துவிடுகிறது.

"கரெக்‌ஷன் போட்டாச்சுன்னா ஜூலைல எடுத்ததையும் ஜனவரில எடுத்ததையும் ஒப்பிடலாம்ல?"

ஒப்பிடலாம், அரைகுறையாக. மெல்பர்ன் ஜூலைக் காலையில் 10 டிகிரி, ஜனவரியில் 35 என்று வைத்துக்கொண்டால், எஸ்ஏஇ சூத்திரம் இரண்டுக்கும் நடுவில் ஐந்து சதவீதத்தைச் சரிக்கட்டுகிறது. ஆனால் அது சரிக்கட்டுவது அறையின் காற்றை. பானெட்டுக்குள் சூடேறிய காற்றை இன்ஜின் குடிப்பதும், அதைப் பார்த்து ஈசியு (இன்ஜினை நடத்தும் கணினி) பற்றவைப்பைத் தாமதிப்பதும் சூத்திரத்துக்குத் தெரியாது.

ஏமாற்றவும் இதில் இடம் உண்டு. டைனோவின் வெப்ப முனை எங்கே தொங்குகிறது என்று பாருங்கள். ரேடியேட்டர் அருகில் தொங்கி 20 டிகிரி அதிகம் காட்டினால், "பாவம், இவ்வளவு வெயிலில் ஓடுகிறது" என்று கணினி உங்களுக்கு நான்கு சதவீதம் தானம் செய்யும். பேப்பரில் வெப்பம், அழுத்தம் இரண்டும் அச்சாகியிருக்க வேண்டும். இல்லாத பேப்பரை நான் பார்ப்பதே இல்லை.

"சரி, பேஸ் நம்பர் எடுத்தாச்சு. முதல்ல எதை மாத்தலாம்?"

எதையும் மாற்றாதீர்கள். இன்ஜின் நலமா என்று முதலில் பாருங்கள். இந்தக் கார்களில் கண்ணில் படும் "லாபம்" பெரும்பாலும் ஏற்கெனவே தொலைத்ததைத் திரும்பப் பெறுவதுதான்.

முதல் சந்தேகம் இக்னிஷன் காயில், பிளக்குக்குத் தீப்பொறி மின்சாரம் தரும் பாகம். நான்கு காயில், ஒவ்வொரு ரோட்டாரிலும் லீடிங் பிளக்குக்கு ஒன்று, டிரெய்லிங் பிளக்குக்கு ஒன்று. நடைமுறையில் 50,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றுகிறவர்கள் புத்திசாலிகள். காயில் தளர்ந்தால் எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும், கன்வெர்ட்டர் உருகி அடைத்துக்கொள்ளும், அப்புறம் 7,000-க்கு மேல் கார் மூச்சுத் திணறும்.

அடுத்து இன்டேக் வால்வுகள். இந்த இன்ஜினில் ஒன்று சுமார் 3,750-லும், இன்னொன்று 6,250-லும், மற்றொன்று 7,250-லும் திறந்து காற்றுப் பாதையை மாற்றுகின்றன. கரி பிடித்து 6,250-இல் திறக்க வேண்டியது திறக்காவிட்டால் டைனோ கோடு அங்கே சட்டென்று தொங்கும். வாரத்தில் சில தடவையாவது, இன்ஜின் சூடான பிறகு, 9,000 வரை கொண்டுபோகச் சொல்வது இதற்காகத்தான். வண்டியை மெதுவாக ஓட்டிக் கெடுத்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

"கம்ப்ரெஷன் டெஸ்ட் சாதா மெக்கானிக்கிட்டயே பண்ணலாமா?"

அவரிடம் உள்ள பிஸ்டன் இன்ஜின் கருவி ஒரு எண்ணைத்தான் காட்டும். ரோட்டாரின் மூன்று முகங்களில் நல்லதன் எண் அது. மற்ற இரண்டு செத்திருந்தாலும் தெரியாது. மூன்று முகத்தையும் தனித்தனியாகப் பதிவுசெய்து, சுற்றும் வேகத்தையும் குறிக்கும் ரோட்டரிக் கருவி வேண்டும். மாஸ்டாவின் கணக்கில் 250 ஆர்பிஎம்மில் 680 கிலோபாஸ்கல் என்பது கீழ் எல்லை, 830 நல்ல நிலை. வேகத்தைக் குறிக்காமல் வெறும் அழுத்தத்தை மட்டும் எழுதிக் கொடுத்தால் அந்தச் சீட்டால் பயனில்லை. புது பேட்டரி போட்டு ஸ்டார்ட்டர் வேகமாகச் சுற்றினாலே எண் ஏறிவிடும்.

"என் ஃப்ரெண்டு இன்டேக் போட்டதும் எட்டு கிலோவாட் ஏறிச்சுன்னு பேப்பரோட காட்டறான்"

அந்த ஃப்ரெண்டு நானாகக்கூட இருக்கலாம். வாங்கிய புதிதில் என் கார் 118 காட்டியது. விலை உயர்ந்த ஒரு இன்டேக்கை மாட்டி, அதே டைனோவில் ஏற்றினேன், 126. ஊரெல்லாம் சொன்னேன். இன்டேக் மாட்டிய அதே சனிக்கிழமை, "எப்படியும் கையெல்லாம் அழுக்கு" என்று நான்கு காயிலையும் நான்கு பிளக்கையும் மாற்றியிருந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. மறைக்கவில்லை, எனக்கே அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

ஒரு வருடம் கழித்து இன்டேக்கின் உறுமல் அலுத்துப்போய், பரணில் கிடந்த கம்பெனி ஏர் பாக்ஸைத் திரும்ப மாட்டினேன். டைனோவில் 125. ஆக, எட்டில் ஏழு காயிலும் பிளக்கும் தந்தது. இன்டேக் தந்தது ஒன்று. மேலே சொன்ன விதிப்படி பூஜ்யம். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம், முடிந்தால் பழைய பாகத்தைத் திரும்பப் போட்டு இன்னொரு தடவை அளப்பது, இதை அன்றுதான் கற்றேன்.

"இன்டேக் போட்டா கார் நிஜமாவே விசுக்குனு போகுதே அண்ணா, அதுக்கென்ன சொல்றீங்க?"

சத்தம் ஒரு பங்கு. இன்னொரு பங்கு உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்தால் இல்லை. காற்றை அளக்கும் சென்சார் அது உட்கார்ந்திருக்கும் குழாயின் விட்டத்தை நம்பி எண் சொல்கிறது. புதுக் குழாய் கொஞ்சம் அகலமானால், சென்சாரைக் கடக்கும் காற்றின் வேகம் குறையும், "காற்று குறைவு" என்று அது சொல்லும், ஈசியு பெட்ரோலைக் குறைக்கும். கம்பெனி செட்டிங் முழு ஆக்சிலரேட்டரில் பெட்ரோலைத் தாராளமாக ஊற்றும் வகை. ஆகவே கொஞ்சம் குறைந்தால் பவர் கொஞ்சம் ஏறும். நீங்கள் வாங்கியது இன்டேக் இல்லை, தெரியாமல் செய்த டியூனிங். எவ்வளவு குறைந்தது என்று யாரும் பார்க்காததால் ஆபத்தான டியூனிங்கும்கூட.

"ஓபிடி ஆப்ல கிராம்/செகண்ட்னு ஒரு எண் வருது. அதை வச்சு பவர் சொல்ல முடியுமா?"

நல்ல கேள்வி. இன்ஜின் வினாடிக்குக் குடிக்கும் காற்றின் எடை அது. முதல் பதிலில் சொன்ன கணக்கைப் போடுங்கள்: ஒரு சுற்றுக்கு 1.308 லிட்டர், 8,500 ஆர்பிஎம், ஆக வினாடிக்கு சுமார் 185 லிட்டர். 25 டிகிரியில் ஒரு லிட்டர் காற்று 1.18 கிராம். ரோட்டார் சுழலும் அறைகள் முழுக்க நிரம்பினால் வினாடிக்கு ஏறக்குறைய 219 கிராம். உங்கள் எண் இதற்கு வெகு கீழே இருந்தால் எங்கோ அடைப்பு. எக்ஸாஸ்ட் மாற்றிய பிறகும் இந்த எண் அசையவில்லை என்றால், இன்ஜின் கூடுதலாக மூச்சு விடவில்லை என்று அர்த்தம், டைனோ பேப்பர் என்ன சொன்னாலும்.

ஆனால் இன்டேக்கை மாற்றிவிட்டு இதைப் பார்க்காதீர்கள். முந்தைய பதிலில் சொன்ன காரணத்தால் சாட்சியே கலைந்துவிட்டது. ஆப்பில் ஒரே சமயத்தில் நான்கு எண்களுக்கு மேல் பதிய வேண்டாம், கூட்டினால் ஒவ்வொன்றும் மெதுவாக வரும்.

"டைனோ கிராஃப்ல 17,000 ஆர்பிஎம் காட்டுது, டார்க் பாதிதான் இருக்கு. என் இன்ஜின் செத்துப்போச்சா?"

பயப்படாதீர்கள். பிஸ்டன் இன்ஜினில் ஒரு பிளக் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை தீப்பொறி விடும். ரோட்டரியின் லீடிங் பிளக் ஒவ்வொரு சுற்றுக்கும் விடும். டைனோக்காரர் செட்டிங்கை மாற்ற மறந்தால் கணினி இரட்டிப்பாக எண்ணும். பவர் எண் சரிதான், அது உருளையின் விசையிலும் வேகத்திலும் இருந்து வருவது. டார்க் (முறுக்கு விசை) மட்டும் பவரை ஆர்பிஎம்மால் வகுத்து வருவதால் பாதியாகும். செட்டிங்கை மாற்றித் திரும்ப அச்சடிக்கச் சொல்லுங்கள்.

"லைட் ஃப்ளைவீல் போட்டா டைனோல ஏறுது. அது நிஜ பவரா, பொய் பவரா?"

இன்ஜின் செய்யும் பவரில் மாற்றமே இல்லை. டைனோ ரன் என்பது இன்ஜினை முடுக்கிக்கொண்டே அளப்பது. கனமான ஃப்ளைவீலை (இன்ஜின் ஷாஃப்டோடு சுழலும் தட்டு) சுழற்றக் கொஞ்சம் சக்தி போகும், இலேசானதற்குக் குறைவாகப் போகும். மிச்சம் உருளைக்கு வருகிறது. கியர் எவ்வளவு கீழே இருக்கிறதோ, ரன் எவ்வளவு சீக்கிரம் முடிகிறதோ, வித்தியாசம் அவ்வளவு பெரிதாகத் தெரியும். சாலையில் இரண்டாம் கியரில் உணர்வீர்கள், ஆறாம் கியரில் தேடினாலும் கிடைக்காது. இதே காரணத்தால் முன்பு நான்காம் கியரில் எடுத்ததை இப்போது மூன்றாம் கியரில் எடுத்ததோடு ஒப்பிடக் கூடாது.

"அண்ணை, டைனோவுக்குப் போகாமல் ரோட்டிலேயே அளக்க ஏலாதோ?"

ஏலும், பொறுமை வேண்டும். இரண்டாம் கியரில் மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 100 வரை எடுக்கும் நேரம்தான் நல்ல அளவு. இந்தக் காரில் அது ஏறக்குறைய 4,900-இலிருந்து 8,100 ஆர்பிஎம், கியர் மாற்றத் தேவையில்லை. ஓட்டுநரோடு 1,450 கிலோ என்று வைத்தால், அந்த நாற்பது கிலோமீட்டரை ஏற்றச் செலவாகும் சக்தி சுமார் 3.58 லட்சம் ஜூல். 3.4 வினாடியில் முடித்தால் சராசரி 105 கிலோவாட், 3.3-இல் முடித்தால் 108. அதாவது பத்தில் ஒரு வினாடிக்கு மூன்று கிலோவாட். நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும், கண்ணுக்கே தெரியாத சாய்வுகூட அதே மூன்றைத் தின்றுவிடும். பக்கத்து சீட்டில் மச்சான் ஏறினால் ஐந்து போய்விடும்.

அதனால் ஒரே சாலையில் இரண்டு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டும், பெட்ரோல் அளவு ஒன்றாக இருக்க வேண்டும், காற்று வீசாத நேரம் வேண்டும். வினாடிக்கு ஒரு தடவை மட்டும் இடத்தைப் பதியும் ஃபோன் ஜிபிஎஸ் உதவாது. பத்து தடவை பதியும் தனிக் கருவி வாங்குங்கள். சாலை காலியாக இருக்கட்டும், வேக எல்லை 100-க்குக் குறையாமல் இருக்கட்டும். விக்டோரியாவில் பொறுப்பில்லாமல் ஓட்டுகிறவர்களின் காரை போலீஸ் 30 நாள் எடுத்துப்போய் வைக்கும். முடிந்தவரை ட்ராக் நாளிலேயே செய்யுங்கள்.

"டிராக் ஸ்ட்ரிப்ல டைம் அரை செகண்ட் குறைஞ்சுது. அது போதுமான ஆதாரம்தானே?"

நேரம் உங்கள் கிளட்ச் காலைப் பற்றிச் சொல்கிறது. பவரைப் பற்றிச் சொல்வது 402 மீட்டர் கோட்டைத் தாண்டும்போது உள்ள வேகம். பவர் அந்த வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு போகும். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றரை கூடினால் மூன்று சதவீதம், அதாவது நாலு கிலோவாட் பக்கம். இந்தக் காரில் ஒரு தொந்தரவு உண்டு: மூன்றாம் கியர் 9,000-ஐத் தொடுவது சுமார் 153-இல். கோட்டுக்குச் சற்று முன்னால் நான்குக்கு மாற்றினீர்களா, பின்னாலா என்பதே வேகத்தை ஆட்டிவைக்கும்.

"ஈசியு டியூனிங், கேட் எடுக்கறது, போர்ட்டிங். இதுல எது காசுக்கு மதிப்பு?"

டியூனிங். எரிபொருள் கலவையைப் பார்த்துக்கொண்டே டைனோவில் செய்கிறவரிடம் மட்டும்; நாக் (கலவை நேரந்தவறி வெடிப்பது) வந்தால் ரோட்டாரின் முனைகளில் உள்ள அபெக்ஸ் சீல் உடையும், இன்ஜினையே இறக்க வேண்டும். கேட், அதாவது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், அதை எடுத்தால் ஏறும்தான், ஆனால் சாலையில் ஓடும் காரில் அது சட்டவிரோதம், நாற்றமும் தாங்காது. அடைத்துப்போன கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு அந்த முழு லாபத்தையும் "கேட் இல்லாததால்" என்று சொல்கிறவர்கள்தான் அதிகம்.

போர்ட்டிங், அதாவது போர்ட்டுகளை வெட்டிப் பெரிதாக்குவது, வேறு உலகம். 1991-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்த மாஸ்டா 787பி-யிலும் டர்போ கிடையாது. நான்கு ரோட்டார், 9,000 ஆர்பிஎம்மில் 700 குதிரைத்திறன், ரோட்டாருக்கு 175. நம்முடையது ஜப்பான் கணக்கில் ரோட்டாருக்கு 125. அந்த 50-க்காக அவர்கள் பக்கவாட்டு இன்டேக் போர்ட்டை விட்டுவிட்டு, வெளிச்சுற்றுச் சுவரில் போர்ட் வைத்தார்கள். அது சிக்னலில் ஒழுங்காக ஐடில் ஆகுமா என்று அவர்கள் கவலைப்படத் தேவையிருக்கவில்லை.

"இவ்ளோ பேசறீங்களே, உங்க கார்ல மொத்தம் எவ்ளோதான் ஏறிச்சு?"

118-இல் தொடங்கி 129. கம்பெனி ஏர் பாக்ஸ், கம்பெனி எக்ஸாஸ்ட். காயிலும் பிளக்கும் 7, அது திரும்ப வந்த பணம். டியூனிங் 4, இது மட்டுமே மூன்று கிலோவாட் விதியைத் தாண்டிய உண்மையான லாபம். அதையும் பழைய செட்டிங்கை ஏற்றி ஒரு தடவை, புதியதை ஏற்றி ஒரு தடவை என்று அன்றைக்கே மாற்றி மாற்றிப் பார்த்தேன். இன்டேக் கராஜில் இருக்கிறது. பாதி விலைக்குத் தருகிறேன், டைனோ பேப்பரோடு. 118, 126 என்று இருக்கும் பேப்பர் இல்லை, மற்றது.